முந்தலில் ஆறவைத்த இன்ஜின்

"பாண்டியண்ணே, அம்மா வண்டி மறுபடியும் முந்தல்ல நின்னுருச்சு. வெரசா வாங்க."

ஜெரால்டு போனில் இதைச் சொன்னபோது நான் ஒரு ஜீப்பின் கியர்பாக்ஸைப் பிரித்துத் தரையில் பரப்பி வைத்திருந்தேன். கையைத் துடைத்துவிட்டு டூல் பையுடன் கிளம்பினேன். அந்த மழைக்காலத்தில் இப்படி வந்த முதல் அழைப்பு அல்ல இது.

ஜெரால்டு போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்கிறவர். அவருடைய அம்மா தெரசம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல். மலை உச்சியிலுள்ள போடிமெட்டுக்கு அப்பால் அவர்களுக்கு ஏலத்தோட்டம் இருக்கிறது. வியாழக்கிழமை தோறும் காலையில் தெரசம்மா தன் காரைத் தானே ஓட்டிக்கொண்டு மலையேறுவார். காய் பறிப்பையும், காய் உலர்த்தும் ஸ்டோரையும் பார்த்துவிட்டு சாயங்காலம் இறங்கிவிடுவார். பின்பக்கம் இன்ஜின் வைத்த பழைய ஜெர்மன் கார் அது. முதுகு வளைந்திருப்பதால் ஊரில் அதற்கு ஆமைக்கார் என்று பெயர். ரேடியேட்டர் கிடையாது, தண்ணீர் கிடையாது. ஒரு ஃபேன் காற்றை அடித்தே இன்ஜினைக் குளிரவைக்கும். ஏர் கூல்டு இன்ஜின் என்போம். எனக்குத் தெரிந்து போடியில் அப்படி ஒரு கார்தான் ஓடுகிறது. பெரிய வேலை என்றால் என்னிடம் வரும். சில்லறை வேலைகளைத் தோட்டத்து ஜீப் டிரைவர் முருகேசனே பார்த்துவிடுவார்.

முந்தல், மலைப்பாதை முடிந்து சமவெளி தொடங்குகிற இடம். நான் போனபோது செக்போஸ்ட்டுக்குச் சற்றுத் தள்ளி ஆமைக்கார் நின்றது. பின்பக்க மூடி திறந்திருந்தது. முருகேசன் ஒரு காலிச் சாக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இன்ஜினுக்கு விசிறிக்கொண்டிருந்தார். ஜெரால்டு போனும் கையுமாக நின்றார். தெரசம்மா டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் அவசரம் எதுவும் இல்லை.

"சூடுண்ணே. அம்புட்டுத்தான். இப்ப ஆறியிருக்கும், அடிச்சுப் பாருங்க" என்றார் முருகேசன்.

சாவியைத் திருப்பினேன். முதல் திருப்பிலேயே ஸ்டார்ட் ஆனது.

"பாத்தீங்களா. ஆற விட்டா ஓடுது. இதுக்குப் போயி உங்களைக் கூப்பிடணுமான்னு சொன்னேன், மொதலாளி கேக்கல."

ஜெரால்டு போனைச் சட்டைப்பையில் வைத்தார். "அண்ணே, நான் பட்டுன்னு சொல்லிர்றேன். மேல எங்கயாச்சும் வளைவுல, மஞ்சுல நின்னுருந்தா பின்னால வர்ற லாரிக்கு எப்படித் தெரியும்? இன்னொரு தடவை நின்னா வண்டியை வித்துருவேன். அம்மா ஜீப்புல முருகேசனோட போகட்டும்."

தெரசம்மா டம்ளரைக் கீழே வைத்தார். "ஜீப்புல போனா நானும் ஒரு லோடுடா. எப்ப ஏத்துவாங்க, எப்ப எறக்குவாங்கன்னு காத்துக் கெடக்கணும். அதுக்கு நான் வீட்லயே இருந்துக்குவேன்."

"அப்ப வீட்லயே இருங்க."

"பாத்தியா பாண்டி, இதுக்குத்தான் வண்டி நிக்கணும்னு காத்துக்கிட்டிருக்கான்."

ஜெரால்டு மலைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவர் பயந்துபோயிருந்தது எனக்குத் தெரிந்தது. அவருடைய பயத்தைத் தப்பு என்றும் சொல்ல முடியாது.

மோர் நிறத்தில் ஆயில்

காரை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவந்து முதலில் ஆயில் ஊற்றும் வாயின் மூடியைக் கழற்றினேன். உள்பக்கம் வெளேர் என்று கெட்டி மோர் அப்பியது போல இருந்தது. ஆயிலோடு ஈரம் கலந்தால்தான் அப்படி வரும். இன்ஜின் நன்றாகச் சூடேறி ஓடினால் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகிப் போய்விடும். இங்கே போகவில்லை.

அடுத்து ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினேன். இன்ஜின் அளவு மீறிச் சூடாகியிருந்தால் பிளக்கின் முனை வெளுத்துக் கிடக்கும். இவை அடுப்புக்கரி மாதிரி இருந்தன.

ஆக, பார்த்தவர்கள் எல்லாரும் சூடு என்றார்கள். வண்டியோ வேறு எதையோ சொல்லிக்கொண்டிருந்தது. தெரசம்மாவுக்கு போன் செய்து கேட்டேன்.

"ஏறும்போது எப்பவாச்சும் நின்னுருக்காம்மா?"

"ஒரு நாளும் இல்ல. சிங்கம் மாதிரி ஏறும். எறங்கி வந்து முந்தல்ல ஸ்லோ பண்ணுவேன். தொண்டையைக் கனைக்கிற மாதிரி ரெண்டு தரம் கனைக்கும். அப்புறம் மூச்சு இருக்காது."

ஏற்றத்தில்தான் இன்ஜின் பாடுபடும். நிற்பதாக இருந்தால் அங்கே நிற்க வேண்டும். இறக்கத்தில் வண்டி தன் கனத்தில் உருண்டு வருகிறது. அங்கே என்ன சூடு? பிளக்கைத் துடைத்து மாட்டி, ஆயிலை மாற்றி அனுப்பினேன். அடுத்த வியாழக்கிழமை நானும் கூட வருகிறேன் என்றேன். தோட்டம் வரை போக வேண்டியதில்லை, திரும்பி வரும்போது போடிமெட்டில் ஏறிக்கொண்டு இறக்கத்தை மட்டும் பார்த்தால் போதும் என்பது என் கணக்கு. ஜெரால்டு, "சரி, மெக்கானிக் கூட இருந்தா அது கணக்குல சேராது. நின்னாலும் பரவால்ல, என்னன்னு கண்டுபிடிங்க" என்றார். வியாபாரி ஆனாலும் நியாயமானவர்.

சூடா இருக்கும்னு தொடலை

அன்று போடிமெட்டில் எதிரில் வரும் வண்டியின் லைட் மட்டும்தான் தெரிந்தது. அவ்வளவு மஞ்சு; மூடுபனியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். தெரசம்மா செகண்ட் கியரில் போட்டுவிட்டு ஆக்சிலேட்டரில் காலே வைக்காமல் இறக்கினார். மலையில் ஓட்டத் தெரிந்தவர்கள் அப்படித்தான் இறக்குவார்கள், கியரே பிரேக். எங்கள் பின்னால் முருகேசன் ஜீப்பில் வந்தார். ஜெரால்டின் உத்தரவு.

வளைவுகளில் உடம்பு சாயும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். காலை எடுத்துவிட்டதால் சிலிண்டருக்குள் நெருப்பு சொற்பம். ஆனால் சக்கரம் இன்ஜினைச் சுற்றுகிறது, இன்ஜின் பெல்ட் வழியாக ஃபேனைச் சுற்றுகிறது. அடுப்பை அணைத்துவிட்டு மலைக்காற்றை வேகமாக அடித்துக்கொண்டே இருப்பது போலத்தான் இது.

முந்தல் செக்போஸ்ட்டில் வேகத்தைக் குறைத்தார். வண்டி கனைத்தது. நின்றது.

"கேட்டியா?" என்றார் தெரசம்மா, தன் பேச்சு நிரூபணமான திருப்தியோடு.

முருகேசன் சாக்கோடு வருவதற்குள் நான் இறங்கி ஓடி மூடியைத் திறந்து கையை வைத்தேன். ஆயில் வாய்க்குழாய் வெதுவெதுப்பாகக்கூட இல்லை. கார்புரேட்டருக்குக் கீழே பெட்ரோல் கலவை போகும் குழாயைத் தொட்டேன். ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த சோடா பாட்டில் மாதிரி அதன்மேல் தண்ணீர் முத்துமுத்தாக வேர்த்திருந்தது. வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

"முருகேசா, கையை வை."

அவர் ஒரு விரலை நீட்டி, சுடுமோ என்று பின்னுக்கு இழுத்து, மறுபடி நீட்டினார். முகம் மாறியது. "என்னண்ணே, ஜில்லுன்னு இருக்கு."

"இம்புட்டு நாள் விசிறுனியே, ஒரு தடவைகூடத் தொட்டுப் பாக்கலையா?"

"சூடா இருக்கும்னு தொடலைண்ணே."

தெரசம்மா ஸ்டியரிங்கில் சாய்ந்துகொண்டு சிரித்தார். முருகேசனும் சிரித்துவிட்டார்.

நடந்தது இதுதான். மலையிறங்கி வருவதற்குள் இன்ஜின் அளவுக்கு மீறி ஆறிவிடுகிறது. ஈரக்காற்றில் கலவைக் குழாய் விறைத்துப்போய், பெட்ரோல் ஆவியாகாமல் சொட்டுச் சொட்டாக உள்ளே போகிறது. எரியாமல் வண்டி நிற்கிறது. நின்ற பிறகு ஃபேனும் நின்றுவிடும். சிலிண்டரில் மிச்சமிருக்கும் கொஞ்சம் சூடு மெல்ல மேலே பரவி, கலவைக் குழாயை உலர்த்துகிறது. கால் மணி கழித்து ஸ்டார்ட் ஆகிறது. இன்ஜின் ஆறட்டும் என்று இவர்கள் காத்திருந்தார்கள். காத்திருந்த நேரத்தில் அது சூடாகிக்கொண்டிருந்தது. முருகேசன் விசிறாமல் இருந்திருந்தால் இன்னும் சீக்கிரம் கிளம்பியிருக்கும்.

ஊதுபத்தி ஸ்டாண்டு

ஏன் இப்படி ஆறுகிறது என்பதற்குப் பதில் வண்டிக்கு அடியில் இருந்தது. ஒர்க்‌ஷாப்பில் ஜாக்கியில் தூக்கி, வலப்பக்க சிலிண்டர்களுக்குக் கீழே டார்ச் அடித்தேன். பிராக்கெட் இருந்தது. அதற்குள் இருக்க வேண்டிய தெர்மோஸ்டாட் இல்லை.

ஏர் கூல்டு இன்ஜினிலும் தெர்மோஸ்டாட் உண்டு என்பது புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்கள் பலருக்குத் தெரியாது. ஆர்மோனியத் துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பாக, உள்ளங்கைக்குள் அடங்கும் பித்தளை டப்பா அது. பெல்லோஸ் என்போம். உள்ளே கொஞ்சம் திரவத்தை விட்டு, காற்றை உறிஞ்சி அடைத்திருப்பார்கள். குளிர்ந்திருக்கும்போது அது சுருங்கி இருக்கும். அதிலிருந்து ஒரு கம்பி சிலிண்டர்களுக்கு இடையே மேலே போய், ஃபேன் காற்று வரும் வழியிலுள்ள தகரக் கதவுகளை இழுத்து மூடி வைத்திருக்கும். காற்று சிலிண்டர்மேல் படாததால் இன்ஜின் வெரசாகச் சூடேறும். போதுமான சூடு வந்ததும் உள்ளே இருக்கும் திரவம் ஆவியாகி பெல்லோஸ் நீளும். கம்பியின் பிடி தளரும். ஸ்பிரிங் கதவுகளைத் திறந்துவிடும். மறுபடி இன்ஜின் ஆறினால் மறுபடி மூடும். கரண்ட் வேண்டாம், டிரைவர் கவனிக்க வேண்டாம்.

முருகேசனைக் கூப்பிட்டுக் கேட்டேன். ஒளிக்காமல் சொன்னார்.

"நான்தாண்ணே கழட்டுனேன். போன கோடையில. மலையேறுற வண்டிக்கு தெர்மோஸ்டாட் ஆகாதுல்ல? நம்ம ஜீப்புல எல்லாம் கழட்டித்தானே ஓட்டுறோம்."

அவர் சொன்னது உண்மை. எங்கள் பக்கத்து மலைஜீப்புகளில் தெர்மோஸ்டாட்டைத் தேடினாலும் கிடைக்காது. ஓடைத்தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றி ஊற்றி, உப்புப் படிந்து அது மூடியபடியே இறுகிவிடும். தண்ணீர் ஓடாமல், ஆட்களோடும் மூட்டைகளோடும் ஏறும் ஜீப் பாதி மலையில் கொதித்து நிற்கும். அதனால் புது ஜீப் வந்தாலே முதல் சோலி அதைக் கழற்றுவதுதான். நானே பல ஜீப்புகளில் கழற்றியிருக்கிறேன். ஆனால் இந்தக் காரின் பெல்லோஸ் கெட்டால் நடப்பது நேர்மாறு. ஓட்டை விழுந்தால் அது நீண்டபடியே நின்றுவிடும். கதவுகள் திறந்தே கிடக்கும். கெட்டாலும் இன்ஜினை வேகவைக்காது. ஜீப்புக்காரர்கள் பயப்படும் விஷயம் இதில் கிடையாது.

"கழட்டுனதை என்ன செஞ்ச? தூக்கிப் போட்டுட்டியா?"

முருகேசன் நெளிந்தார். "நல்ல பித்தளைண்ணே. போட மனசு வரல." ஜீப்புக்குப் போய் டேஷ்போர்டிலிருந்து ஒரு பொருளைக் கொண்டுவந்து கொடுத்தார். கம்பி மாட்டும் மரைத் துளையில் பாதி எரிந்த ஊதுபத்தி நின்றுகொண்டிருந்தது. மடிப்புகள் முழுக்கச் சாம்பல்.

"மல்லிகை வாசம்" என்றார்.

ஸ்டோர் ஜன்னல்

சாம்பலைக் கழுவிவிட்டு, அடுப்பில் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்தேன். தெரசம்மா வந்திருந்தார். தோட்டத்து ஸ்டோரிலிருந்து ஒரு தெர்மாமீட்டரைக் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். அதைத் தண்ணீரில் பிடித்துக்கொண்டு அவரே நின்றார். பெல்லோஸில் நூல் கட்டித் தொங்கவிட்டேன். உள்ளே வெற்றிடம் கெட்டிருந்தால் குளிரில் சுருங்கியிருக்காது. சுருங்கித்தான் இருந்தது. அது முதல் நல்ல செய்தி.

பாத்திரத்தின் அடியில் குமிழ் கட்டத் தொடங்கியது. ஐம்பது தாண்டியது. ஒன்றும் இல்லை. அறுபது. ஒன்றும் இல்லை.

"செத்துப்போச்சோ?" என்றார் முருகேசன். குரலில் குற்றவாளியின் கவலை.

"சும்மா இருப்பா" என்றார் தெரசம்மா. "அறுபத்தஞ்சைத் தாண்டுது பாண்டி."

மடிப்புகள் ஒவ்வொன்றாக விலகின. கண்முன்னே அது நீண்டது. தண்ணீரிலிருந்து எடுத்துக் குளிர்ந்த தண்ணீரில் போட்டதும் மறுபடி சுருங்கியது. மூன்று பேரும் மாறிமாறிப் போட்டு எடுத்தோம். தேவைக்கு அதிகமாகவே செய்தோம் என்று நினைக்கிறேன்.

தெரசம்மா பெல்லோஸை உள்ளங்கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தார். "அப்ப இது நம்ம ஸ்டோர் ஜன்னல்தான. பச்சைக்காயைத் தட்டுல பரப்பி அடுப்பு மூட்டுனா, ஈரம் போற வரைக்கும் ஜன்னலைத் தொறந்து வைப்போம். அப்புறம் மூடுவோம். நேரம் தவறுனா காயோட பச்சை போயிரும். அதுக்கு ஒரு ஆளு கண்ணு முழிச்சு உக்காந்திருக்கணும். இங்க இந்த டப்பா உக்காந்திருக்கு."

"ஆமாம்மா. முதல்ல மூடி, பிறகு தொறக்கும். வரிசை மட்டும் மாறும்."

"முருகேசன் ஜன்னலையே பேத்து எடுத்துட்டான்."

"காத்து நல்லா வரட்டும்னுதாம்மா" என்றார் முருகேசன்.

கம்பி தொலைந்திருந்தது. அளவெடுத்து, லேத்தில் கொடுத்து மரை போட்டு வாங்கினேன். மாட்டும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பெல்லோஸ் முழுசாக நீண்டு பிராக்கெட்டின் மேல்முனையைத் தொடும் நிலையில் கதவுகள் முழுசாகத் திறந்திருக்க வேண்டும். அதைப் பார்த்த பிறகுதான் பிராக்கெட் போல்ட்டை இறுக்க வேண்டும். அவசரத்தில் இறுக்கினால் கதவு பாதியில் நிற்கும்; பிறகு ஏற்றத்தில் உண்மையிலேயே வெந்துவிடும். ஜெரால்டு இதற்குத்தான் பயந்தார்.

"கதவை மூடி வச்சா ஏத்தத்துல என்னண்ணே ஆகும்?" என்று போனில் கேட்டார்.

"ஏத்தத்துல அதுவே தொறந்துக்கிரும்."

"தொறக்கலைன்னா?"

"நீங்களும் வாங்க. பாருங்க."

ஜீப்பை ஆஃப் பண்ணு

அடுத்த வியாழக்கிழமை கணக்கில் சேரும் என்று ஜெரால்டு முன்பே சொல்லிவிட்டார். தெரசம்மா தனியாக காரில். பின்னால் ஜீப்பில் முருகேசன், ஜெரால்டு, நான். எந்த இடத்தில் நின்றாலும் கார் விற்பனைக்கு.

ஏறும் வழியில், மேலே பாதி தூரத்தில் சாலை அகலமான இடத்தில் தெரசம்மாவே ஓரம் கட்டினார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. நான் தரையில் படுத்து அடியில் பார்த்தேன். பெல்லோஸ் முழு நீளத்துக்கு விரிந்திருந்தது. ஜெரால்டையும் பார்க்கச் சொன்னேன். வெள்ளைச் சட்டையோடு அவரும் படுத்துப் பார்த்தார்.

"தொறந்துருச்சு" என்றார், எழுந்து முதுகைத் தட்டிக்கொண்டே. தெரசம்மா கிளட்சை விட்டுப் போயே போய்விட்டார்.

மாலையில் இறங்கும்போது மஞ்சு போன வாரத்தைவிட அதிகம். நாலாவதோ ஐந்தாவதோ வளைவில் ஒரு லோடு லாரி ஒரே திருப்பில் திரும்ப முடியாமல், பின்னால் வந்து முன்னால் போய் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. தெரசம்மா அதற்குப் பின்னால் நிறுத்த வேண்டியதாயிற்று. நீளமான இறக்கம், ஈரம், அதன்மேல் ஆக்சிலேட்டரை மிதிக்காமல் ஐடிலில் காத்திருப்பு. நிற்பதற்கு இதைவிடத் தோதான இடம் அமையாது. மஞ்சில் அவருடைய சிவப்பு லைட் இரண்டு மட்டும் தெரிந்தன.

"ஓடுதாண்ணே?" என்றார் ஜெரால்டு.

ஜீப்பின் சத்தத்தில் எனக்கும் கேட்கவில்லை.

"முருகேசா, ஜீப்பை ஆஃப் பண்ணு. கேக்கணும்."

ஆஃப் செய்தார். கண்ணாடியை இறக்கினோம். லாரி கிளீனர் "வரட்டும், வரட்டும்" என்று கத்துவது கேட்டது. அதற்கு அடியில் தையல் மெஷின் ஓடுவது போல ஒரு சீரான சத்தம். கனைப்பு இல்லை. ஜெரால்டு தலையை வெளியே நீட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார். லாரி ஒருவழியாகத் திரும்பி ஒதுங்கியது. சிவப்பு லைட்டுகள் நகர்ந்து, வளைவில் மறைந்தன.

"போ, போ, பின்னாலயே போ" என்றார் ஜெரால்டு.

முருகேசன் சாவியைத் திருப்பினார். ஜீப்பிலிருந்து டொக் என்று ஒரு சத்தம் வந்தது. பிறகு அதுவும் வரவில்லை.

"பேட்டரிண்ணே" என்றார் மெதுவாக.

நானும் ஜெரால்டும் இறங்கித் தள்ளினோம். இறக்கம் என்பதால் ரொம்பத் தள்ள வேண்டியிருக்கவில்லை. கியரில் விட்டதும் உதறிக்கொண்டு கிளம்பியது. ஜெரால்டு ஓடிவந்து ஏறியபோது ஒரு செருப்பு சேற்றில் நின்றுவிட்டது. அதற்காக ஜீப்பை நிறுத்த மூவருக்கும் தைரியம் இல்லை.

முந்தலுக்கு வந்ததும் முருகேசன் வழக்கம்போல டீக்கடை ஓரம் ஜீப்பைக் கட்டிவிட்டு, பின்னாலிருந்து சாக்கை உருவிக்கொண்டு குதித்தார். அங்கே கார் இல்லை. டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"ஆத்தா அப்பவே போயிருச்சே. ஆரன் அடிச்சுக் கையைக் காட்டிட்டுப் போச்சு."

முருகேசன் சாக்கோடு திரும்பி எங்களைப் பார்த்தார். "அப்ப நாம எதுக்குண்ணே நிக்கிறோம்?"

ஜெரால்டு ஒற்றைச் செருப்போடு ஜீப்பில் உட்கார்ந்திருந்தார். "டீ சொல்லு" என்றார்.

அந்த டீ முடிவதற்குள் அவர் இரண்டு விஷயங்கள் சொன்னார். கார் விற்பனைக்கு இல்லை. ஜீப்புக்குப் புது பேட்டரி வாங்க வேண்டும்.

இப்போது ஸ்கேனர் மாட்டி வேலை பார்க்கும் தம்பிகள் என் ஒர்க்‌ஷாப்புக்கு வருகிறார்கள். அவர்களிடம் நான் சொல்வது இரண்டுதான். ஒரு வண்டிக்கு ஒத்துவந்த பழக்கத்தை, அது எதற்காக வந்தது என்று தெரியாமல் இன்னொரு வண்டிக்குக் கொண்டுபோகாதீர்கள். சூடு என்று யார் சொன்னாலும் முதலில் புறங்கையைக் கிட்டே கொண்டுபோய்ப் பாருங்கள். இன்ஜினுக்குக் காய்ச்சலும் வரும், குளிரும் வரும். இரண்டிலும் அது நிற்கும்.

தெரசம்மா வியாழக்கிழமை தோறும் போய்வருகிறார். சில வாரம் ஜெரால்டும் அந்தக் காரிலேயே ஏறிக்கொள்கிறார். வளைவு வரும்போதெல்லாம் பிரேக் இல்லாத பக்கம் உட்கார்ந்துகொண்டு காலை அழுத்துகிறாராம். "தரை தேஞ்சிரும் போல, ஒரு தகடு அடிச்சுக் குடு பாண்டி" என்று போன வாரம் தெரசம்மா காரைக் கொண்டுவந்து விட்டுப் போனார்.